ஊக்குவிச்சது நான்தான் சார்

வாங்க சார், செருப்பு அங்கேயே இருக்கட்டும். பரவால்ல, போட்டுக்கிட்டே வாங்க, வீடு காலியாத்தானே இருக்கு. ஓனர் மஸ்கட்ல இருக்காரு. சாவி, பேச்சுவார்த்தை, யாரை வைக்கிறது, யாரை வேண்டாங்கிறது, எல்லாம் என் பொறுப்புதான். ஞானசம்பந்தம்னு பேரு. அசோசியேஷன் செக்ரட்டரி. பன்னெண்டு வருஷமா நான்தான். யாரும் போட்டிக்கு வர்றதில்ல, நானும் விடறதில்ல.

இது ஹால். நல்ல வெளிச்சம். வீட்ல எத்தனை பேரு நீங்க? மூணு பேரா? பொண்ணு என்ன படிக்குது? பதினொண்ணாவதா? சரி சரி. சயின்ஸ் குரூப்பா? சும்மாதான் கேட்டேன். கிச்சனைப் பாருங்க.

என்ன பாக்கறீங்க? ஓ, அந்த ஓட்டையா. ஜன்னல் மேல இருக்கே, அதுதானே? பூசிடலாம் சார். அது ஒயர் போன வழி. முன்னாடி இருந்தவங்க வேலை. அந்த ஓட்டையைப் பத்தி யாராவது கேட்டா எனக்கு வயித்தெரிச்சலா வரும். ஊர்ல எல்லாரும் அந்தப் பொண்ணைப் பாராட்டறாங்க. அந்தப் பொண்ணை ஊக்குவிச்சது யாருன்னு ஒருத்தன் கேக்கல சார். ஒருத்தன் கேக்கல.

பெனிட்டான்னு பேரு. அப்பா அருள்தாஸ், ரயில்வேல சிக்னல் பிரிவு. நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டாரு. பொண்ணு இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, "அங்கிள், எனக்கு ஹாம் ரேடியோ லைசென்ஸ் வந்திருக்கு, மொட்டை மாடில ஒரு ஆன்டெனா கட்டிக்கட்டுமா"ன்னு கேட்டுச்சு. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. ரேடியோன்னா பாட்டு கேக்கற ரேடியோன்னு நெனச்சேன். அது பொறுமையா சொல்லிச்சு. பரீட்சை எழுதி, கவர்மென்ட் லைசென்ஸ் வாங்கி, இவங்களே ஒருத்தரோட ஒருத்தர் ஆகாயம் வழியா பேசிக்குவாங்களாம். டவர் வேண்டாம், நெட் வேண்டாம், கரண்ட்கூட வேண்டாம், ஒரு பேட்டரி இருந்தா போதும். புயல் வெள்ளம்னா போன் செத்தாலும் இது சாகாதாம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு சார். நம்ம பில்டிங்ல இப்படி ஒரு பொண்ணா! நான் யாரு? கூட்டுறவுத் துறையில சூப்பரிண்டெண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். எதையும் முறைப்படி செய்யணும் எனக்கு. ஊக்குவிக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

என்ன செஞ்சேன் தெரியுமா? விழா எடுத்தேன். "பேரிடர் தயார்நிலை இளைஞர் அணி"ன்னு பேரு வெச்சேன், நானே யோசிச்ச பேரு. பில்டிங் பிள்ளைங்க எல்லாருக்கும் ஆரஞ்சு கலர் டி-ஷர்ட். முதுகுல அணிப் பேரு, நெஞ்சுல அசோசியேஷன் பேரு. ஆளுக்கு ஒரு டார்ச், ஒரு விசில். கேட்டுல பேனர். சாமியானா போட்டு, சேர் போட்டு, கவுன்சிலரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் சால்வை. கேசரி, மெதுவடை. யாரு சார் செய்வாங்க இவ்வளவு?

அந்தப் பொண்ணு மேடையில ரேடியோவை வெச்சு எல்லார் முன்னாடியும் பேசிக் காட்டறதாத்தான் இருந்துச்சு. ஒயரெல்லாம் இழுத்து ரெடியா உக்காந்திருந்துச்சு, பாவம். கவுன்சிலர் லேட்டா வந்தாரு, வந்ததும் போகணும்னாரு. என் வரவேற்புரை கொஞ்சம் நீண்டுபோச்சு. அதனால அந்த டெமோவை மட்டும் விட்டுட்டோம். ஆனா அதுக்குத் தனியா ஒரு சால்வை போட்டேனே! போட்டோ இருக்கு, அப்புறம் காட்டறேன்.

டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி எல்லாத்தையும் விழா முடிஞ்சதும் திரும்ப வாங்கி, கீழ அசோசியேஷன் ரூம்ல வெச்சுப் பூட்டிட்டேன். பிள்ளைங்ககிட்ட விட்டா தொலைச்சிடும். சாவி என் இடுப்புலேயே இருக்கும், எப்பவும். பாதுகாப்பு முக்கியம் இல்லையா?

பாத்ரூம் பாருங்க. ரெண்டு பாத்ரூம். குழாய் புதுசு.

ஊக்குவிச்சேன்னு சொன்னேன்ல, அதுக்கப்புறம்தான் தொல்லை ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கிழமை காலைல மனுஷன் பேப்பர் படிப்பானா, இல்ல இந்தக் கத்தலைக் கேப்பானா? மாடில உக்காந்துக்கிட்டு, "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ"ன்னு ஆரம்பிச்சு அப்புறம் ஏதோ மூணு எழுத்து, லைசென்ஸ்ல கொடுத்த அடையாளப் பேராம். திரும்பத் திரும்ப. ஒவ்வொரு ஊர்ல இருந்தும் ஒருத்தர் ஆஜர் சொல்லணுமாம். மதுரை வந்தாச்சு, கோயம்புத்தூர் வந்தாச்சு, சேலம் வந்தாச்சு. ஸ்கூல்ல பேர் கூப்பிடற மாதிரி. "எதுக்கும்மா வாராவாரம் இது"ன்னு கேட்டேன். "அங்கிள், விடாம பேசிப் பழகினவங்கதான் ஆபத்துல பேச முடியும். அன்னைக்குப் புதுசா உக்காந்தா என்ன சொல்றதுன்னே தெரியாது"னுச்சு. நல்ல பேச்சுதான். ஆனா மெதுவாப் பேசலாம்ல?

அப்புறம் அந்தக் கம்பி. மாடியில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஒரு செம்புக் கம்பி, நடுவுல இருந்து ஒரு ஒயர் தொங்கும், ராத்திரில வீட்டுலேர்ந்து பேச அந்த ஓட்டை வழியா உள்ள போகும். அதுதான் ஆன்டெனாவாம். துணிக்கொடின்னு நெனச்சு மூணாவது மாடி அம்மா அதுல புடவையைக் காயப்போட்டுட்டாங்க. இது போய் "ஆன்ட்டி, இதுல போடாதீங்க"ன்னு சொல்லிச்சு. அவங்க என்கிட்ட வந்தாங்க. மாடி பொதுச் சொத்து, துணி காயப்போடறது எல்லாருடைய உரிமை. நான் என்ன பண்ணுவேன்? கமிட்டியைக் கூட்டினேன்.

அந்தப் பொண்ணு வந்து நின்னு பேசிச்சு. "அங்கிள், கம்பி வெளியில இருந்தாத்தான் வேலை செய்யும். ஆபத்து சொல்லிட்டு வராது." நான் நிதானமா பதில் சொன்னேன் சார். "பொழுதுபோக்குன்னா வீட்டுக்குள்ள வெச்சுக்கணும் கண்ணு. ஆபத்துன்னு ஒண்ணு வரட்டும், அன்னைக்கு அசோசியேஷன் உடனே அனுமதி கொடுக்கும்." அதைத் தீர்மானமாவே போட்டோம். 'அவசர நிலை ஏற்படும்பட்சத்தில் முறைப்படி விண்ணப்பித்தால் உடனடியாக அனுமதி வழங்கப்படும்.' என் வாசகம். இதைவிட என்ன வேணும் ஒருத்தருக்கு? அருள்தாஸ் எழுந்தாரு. அப்புறம் மாடிக்குப் போய் கம்பியைச் சுத்தி எடுத்துட்டு வந்துட்டாரு.

அது இன்னொண்ணும் கேட்டுச்சு. ஒரு நாள் மெயினை அணைச்சுட்டு, எல்லாரும் போனையும் அணைச்சு வெச்சுட்டு, பிளாக்குக்கு பிளாக் எப்படிச் சேதி அனுப்பறதுன்னு ஒத்திகை பாக்கலாமாம். படுக்கையில இருக்கறவங்க யாரு, மருந்து வேணுங்கறவங்க யாருன்னு வீடு வீடாப் போய்க் கேட்டு வெச்சுக்கலாமாம். நல்ல யோசனைன்னேன். ஆனா மெயினை அணைச்சா சீரியல் பாக்கறவங்க என்னைத்தானே திட்டுவாங்க? அதனால ஒத்திகையைக் குடியரசு தினத்தோட சேத்து, அணிவகுப்பா வெச்சுட்டேன். ஆரஞ்சு டி-ஷர்ட்ல பிள்ளைங்க வரிசையா நடந்து வந்து கொடிக்கு சல்யூட் அடிச்சாங்க. கண்கொள்ளாக் காட்சி. பெனிட்டா மட்டும் வரல. தலைவலியாம். அதுக்கப்புறம் மத்த பிள்ளைங்களும் ஒவ்வொண்ணா வர்றதை நிறுத்திடுச்சுங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுலயும் ஒரு பிடிப்பே இல்ல சார்.

வாங்க, மாடியையும் பாத்துடலாம். லிஃப்ட் நாலாவது மாடி வரைக்கும்தான். படியில மெதுவா வாங்க.

வெள்ளம் வந்த வருஷம் நீங்க எங்க இருந்தீங்க? திருச்சியா? அப்ப டிவியில பாத்திருப்பீங்க. இங்க நாங்க தண்ணியில பாத்தோம். விடியக்காலைல எழுந்து பால்கனியில நிக்கறேன், கேட்டைக் காணோம். கார் கூரை மட்டும் தெரியுது. அசோசியேஷன் ரூம் பேஸ்மென்ட்ல, முழுசா மூழ்கிப்போச்சு. டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி எல்லாம் உள்ள. சாவி பத்திரமா என் இடுப்புல. போன் இல்ல, கரண்ட் இல்ல, மழை விடல.

என் சம்சாரம் சுகந்திக்கு டயாலிசிஸ் சார். வாரத்துக்கு மூணு தடவை. செவ்வாய், வியாழன், சனி. செவ்வாய்க்கிழமை மழையில போக முடியல. சரி, வியாழக்கிழமை பாத்துக்கலாம்னு இருந்தோம். வியாழக்கிழமை விடிஞ்சப்பதான் இந்தக் கோலம். கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு வரலைன்னு நாற்காலியில உக்காந்துகிட்டே இருந்தா. அவ ஒண்ணும் கேக்கல என்னை. சும்மா என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. முப்பத்தி ரெண்டு வருஷக் குடித்தனத்துல அவ அப்படிப் பாத்ததில்ல. நான் பால்கனிக்குப் போய் "ஹெல்ப், ஹெல்ப்"னு கத்தினேன். எதிர் பில்டிங்ல இருந்து அவங்களும் அதையேதான் கத்தினாங்க.

அப்ப மாடில ஏதோ இடிக்கிற சத்தம். ஓடினேன். பாத்தா, அருள்தாஸ் கைப்பிடிச் சுவத்துல ஆணி அடிக்கறாரு! ரெண்டு துணிக்கொடிக் கம்பத்துக்கும் நடுவுல அந்தச் செம்புக் கம்பி ஏறியாச்சு. காத்துல சாயாம இருக்க இழுத்துக் கட்டறதுக்கு ஆணி. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை மாடிக்குத் தூக்கிட்டு வந்திருக்காரு அந்த மனுஷன். விண்ணப்பம் இல்ல, அனுமதி இல்ல. "என்ன அருள்தாஸ் இது"ன்னேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல சார்.

பொண்ணு தண்ணித்தொட்டிக்கு அடியில ரேடியோவை வெச்சுக்கிட்டு, சாரல் அடிக்க அடிக்கக் கூப்பிடுது. அதே ஞாயித்துக்கிழமைப் பேச்சு. விக்டர் யூனிஃபார்ம் த்ரீ. கர்ருங்குது. திரும்பக் கூப்பிடுது. கர்ருங்குது. எத்தனை தடவைன்னு தெரியாது. குரல் மட்டும் கொஞ்சம்கூட மாறல. நான் குடையைக் கொண்டுபோய் ரேடியோ மேல பிடிச்சேன். இதை யாராவது சொன்னாங்களா உங்ககிட்ட? சொல்லமாட்டாங்க. குடை பிடிச்சவன் நான்.

அப்புறம் ஒரு குரல் வந்துச்சு. சேலத்துல ஒரு பல் டாக்டர். வாராவாரம் ஆஜர் சொல்ற ஆளு. "சொல்லும்மா, கேக்குது, நிதானமா சொல்லு"ன்னாரு. நான் உடனே மைக்கைக் கையில வாங்கி, "சார் வணக்கம், நான் இந்த அசோசியேஷன் செக்ரட்டரி ஞானசம்பந்தம் பேசறேன், எங்க குடியிருப்பு வந்து..."ன்னு ஆரம்பிச்சேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நாம யாருன்னு சொல்லணும்ல?

அந்தப் பொண்ணு என் கையில இருந்து மைக்கைப் பிடுங்கிடுச்சு சார். "அங்கிள், கொஞ்சம் பேசாம இருங்க"ன்னு சொல்லிச்சு.

பேசாம இருங்க! என்னைப் பாத்து! மாடியில அத்தனை பேர் நிக்கறாங்க, பொருளாளர் நிக்கறாரு, மூணாவது மாடி அம்மா நிக்கறாங்க. யாரோ பின்னாடி சிரிச்சாங்க. இன்னைய வரைக்கும் யாருன்னு தெரியல, கண்டுபிடிச்சிடுவேன்.

அப்புறம் அது சொல்லுது. டயாலிசிஸ் நோயாளி ஒருத்தர், பெண், வயசு அம்பத்தெட்டு, கடைசியா டயாலிசிஸ் செஞ்சது சனிக்கிழமை, மூச்சுத் திணறல், படகு வேணும், வர்ற வழி இது, அடையாளம் பச்சைத் தண்ணித்தொட்டி. கடகடன்னு ஒப்பிக்குது. எனக்கு ஆச்சரியம். சனிக்கிழமைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அப்புறமாத்தான் கேள்விப்பட்டேன். ஒத்திகைக்கு நான் ஒத்துக்கலேன்னதும், அது சும்மா இருக்கல. தானாவே வீடு வீடாப் போய் விசாரிச்சு வெச்சிருக்கு. என் வீட்டுக்கும் வந்திருக்கு, நான் வாக்கிங் போன நேரத்துல. சுகந்தி காப்பி போட்டுக் கொடுத்து எல்லாம் சொல்லியிருக்கா. மழை பிடிச்சதும் மறுபடி வந்து, செவ்வாய்க்கிழமை போகலைங்கறதையும் கேட்டு வெச்சிருக்கு. என்கிட்ட மூச்சு விடல.

சேலத்து டாக்டர் அங்க இருந்து போன் பண்ணி, கன்ட்ரோல் ரூம்ல சொல்லி, மத்தியானத்துக்குள்ள படகு வந்துடுச்சு. மீனவங்க படகு. சுகந்தியை நாற்காலியோட தூக்கி இறக்கினாங்க. அருள்தாஸ் கழுத்தளவு தண்ணியில நின்னு நாற்காலிக் காலைப் பிடிச்சிருந்தாரு. ஆஸ்பத்திரியில டாக்டரு என்ன சொன்னாருன்னு... அதை விடுங்க. இருக்கா. நல்லா இருக்கா. கீழ நீங்க வரும்போது முதல் மாடி ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தாளே, அவதான்.

நன்றி இல்லாதவன்னு என்னை நினைக்காதீங்க. தண்ணி வடிஞ்சதும் நான் என்ன பண்ணேன்? இன்னொரு விழா எடுத்தேன்! முதல்ல எடுத்ததைவிடப் பெருசு. பேப்பர்காரங்க வந்தாங்க. "உங்களுக்கு யாரு ஊக்கம் கொடுத்தாங்க"ன்னு அந்தப் பொண்ணைக் கேட்டாங்க. நான் பக்கத்துலயேதான் நிக்கறேன், சட்டையெல்லாம் சரி பண்ணிக்கிட்டு. அது "எங்க மாடித் துணிக்கொடிக் கம்பம் ரெண்டும் ரொம்ப உறுதியா நின்னுச்சு. அதுக்குத்தான் நன்றி சொல்லணும்"னுச்சு. மறுநாள் பேப்பர்ல அப்படியே வந்துச்சு. நியாயமா சார் இது? நான் விழா எடுத்தேன், சால்வை போட்டேன், குடை பிடிச்சேன். கடைசியில கம்பத்துக்கு நன்றி!

அதுக்கப்புறம் அவங்க மேல நடவடிக்கை எடுத்ததைக் கோவத்துல செஞ்சேன்னு சிலபேர் சொல்றாங்க. கோவம் இல்ல. அடுத்த மழையில ஆணி அடிச்ச இடத்துல கசிவு வந்துச்சு, கடைசி மாடி வீட்டுக்காரர் புகார் கொடுத்தாரு. பொதுக்குழுவுல வெச்சே ஆகணும். பொதுச் சொத்துக்குச் சேதம், அனுமதி பெறாத கட்டுமானம். செக்ரட்டரிங்கற முறையில வாசிச்சேன். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?  அருள்தாஸ் எழுந்து, "நானே பூசிக் கொடுத்துடறேன் சார்"னாரு. பூசியும் கொடுத்தாரு, அவர் கையாலயே. அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. ஜோலார்பேட்டைக்கு டிரான்ஸ்ஃபர்னு சொன்னாரு. டிரான்ஸ்ஃபர்தான் சார். ரயில்வேல இதெல்லாம் சகஜம்.

லாரி கெளம்பறப்ப சுகந்தி கேட் வரைக்கும் நடந்து போனா. அவ வாசலுக்கு வர்றதே அபூர்வம். அந்தப் பொண்ணோட கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. நான் போகல. எனக்குப் பம்ப் ரூம்ல வேலை இருந்துச்சு.

இதோ, மாடி. காத்து எப்படி வருது பாத்தீங்களா?

அதா? அதுதான் சார் அந்தக் கம்பி. ரேடியோவை எடுத்துட்டுப் போயிடுச்சு, கம்பியை விட்டுட்டுப் போயிடுச்சு. மறந்துட்டுப் போச்சோ, வேணும்னே விட்டுச்சோ, தெரியல. போர்டைப் படிங்க. 'இந்தக் கம்பியில் துணி உலர்த்தக் கூடாது. - செயலாளர்.' ஆமா, நான்தான் வெச்சேன். மூணாவது மாடி அம்மா சண்டைக்கு வந்தாங்க. உரிமையாவது ஒண்ணாவது, வேற இடத்துல போடுங்கன்னுட்டேன்.

வாட்ஸப் குரூப்ல எத்தனை தடவை போட்டிருக்கேன் தெரியுமா? "ஹாம் ரேடியோ கற்க ஆர்வமுள்ள இளைஞர்கள் செயலாளரை அணுகவும்." எல்லாரும் கட்டை விரல் காட்டறாங்க. ஒருத்தனும் வரமாட்டேங்கறான். டி-ஷர்ட் எல்லாம் துவைச்சு, மடிச்சு, பீரோல வெச்சிருக்கேன். நானே பரீட்சை எழுதிடலாம்னு புத்தகம் வாங்கினேன். ரெண்டாவது பக்கத்துலயே கணக்கு வருது சார், கோடு கோடாப் படம் வேற. அதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் வரும்.

மழைக்காலம் ஆரம்பிக்கப் போகுது, மேற்கால பாருங்க, எப்படி இருண்டு கிடக்குன்னு. இனிமே தினம் இதுதான். மேகம் கூடினா சுகந்தி என்னை ஒரே ஒரு கேள்விதான் கேப்பா. "மாடியில யாராவது இருக்காங்களா?" அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கமாட்டா. நான் என்ன பதில் சொல்ல? செக்ரட்டரி இருக்கேன்னா சொல்ல முடியும்?

வீடு ஏன் இத்தனை மாசமா காலியா இருக்குன்னு கீழ வாட்ச்மேன்கிட்ட கேட்டீங்களாமே. வாஸ்து கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல சார். வர்றவங்க எல்லாம் கைக்குழந்தையோட வர்றாங்க, இல்லேன்னா வயசானவங்களா வர்றாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். ஓனருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லாதீங்க.

உங்க பொண்ணு பேரு என்ன சொன்னீங்க? சொல்லலையா? சரி, இருக்கட்டும். பதினொண்ணாவது, சயின்ஸ் குரூப். வயசெல்லாம் சரியாத்தான் இருக்கும், பன்னெண்டு முடிஞ்சாலே பரீட்சை எழுதலாமாம். அதுக்கு இதுல இஷ்டம் வருமா? கட்டாயம் இல்ல. நான் ஊக்குவிப்பேன். இல்ல இல்ல, விழாவெல்லாம் இல்ல. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். சின்னதா ஒரு சால்வை... அதுவும் வேண்டாம்னா வேண்டாம்.

ஓட்டையை நான் பூசாமயே விட்டுடறேன் சார். ஒயர் போகணும்ல. சாவி இந்தாங்க, பிடிங்க. அட்வான்ஸ் கெடக்கட்டும், நிதானமா பேசிக்கலாம். எப்ப குடி வர்றீங்க? இந்த மழைக்கு முன்னாடி வந்துட முடியுமா?

ஞாயித்துக்கிழமை காலைல பொண்ணு மாடிக்கு வந்து உக்காரட்டும். சத்தமாவே பேசட்டும் சார். எங்க வீடு நேர் கீழதான், சுகந்திக்குக் கேக்கும்.